மகள் வீட்டில் தங்கிய ஊதையப்பன்

ஆனி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை ஊதையப்பன் தன் மகள்களைப் பார்க்க வருவான் என்பதால், சிப்பிக்குடியில் அன்றைக்கு எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. அதற்கென்றே அந்த ஊரில் வீடு கட்டும்போது முன்வாசலையும் பின்வாசலையும் நூல் பிடித்து நேருக்கு நேராக வைப்பார்கள். மேற்கு வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, கடலைப் பார்த்த கிழக்கு வாசலில் அவன் இறங்கிப் போகும்போது கால் இடறிவிடக் கூடாதென்று நடுவில் ஒரு சொம்புகூட வைக்க மாட்டார்கள். ஊதையப்பன் காற்றுக்கெல்லாம் தகப்பன். நீராத்தாளைக் கட்டி, கச்சான், கொண்டல், வாடை, சோழகன் என்று திசைக்கொன்றாக நாலு ஆண்பிள்ளைகளைப் பெற்றவனுக்குப் பெண்பிள்ளை இல்லையே என்கிற ஒரே குறை இருந்ததால், சிப்பிக்குடிப் பெண்களையெல்லாம் மகள்களாக எடுத்துக்கொண்டான். அங்கே பிறந்தவளுக்கும் வாழ வந்தவளுக்கும் அவன் அப்பாதான். அன்றைக்குப் பெண்கள் தலைக்குக் குளித்துச் சுவரோரம் ஒதுங்கி நிற்பார்கள், அவன் ஒவ்வொருத்தி முகத்தையும் ஒரு தடவை தடவுவான், அவள் "போயிட்டு வாங்கப்பா" என்பாள், அவன் போவான். மகள் அந்த வார்த்தையைச் சொல்லாமல் எந்தத் தகப்பனும் அவள் வாசலைத் தாண்ட மாட்டான் என்பதும், வந்தவனை உட்காருங்கள் என்றோ சாப்பிடுங்கள் என்றோ யாரும் இதுவரை சொன்னதில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். சொல்லக் கூடாதென்று விதி ஒன்றும் கிடையாது. சொன்னால் என்ன ஆகுமென்று தெரியாததால் சொல்லாமலே இருந்தார்கள்.

பூமயில்தான் சொன்னாள்.

அந்த வருசம் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சீலா மீன் கூட்டம் கூட்டமாக ஓடுகிறதென்று கேள்விப்பட்டு ஐந்து படகுகள் கடலுக்குப் போயிருந்தன. ஊதையப்பன் பிள்ளைகளுக்கு இன்ஜின் சத்தம் ஆகாது என்று சிப்பிக்குடிக்காரர்கள் இன்றைக்கும் பாய்மரத்தில்தான் போவார்கள். பதினாலு பேர். செவ்வாய் விடியுமுன் கரையேறிவிடுவதாகச் சொல்லிப் போனவர்களில் ஒருத்தரும் வரவில்லை. பூமயிலின் ஒரே மகன் சேதுராசும், அவனுக்குப் பெரியப்பா முறையான சடையாண்டியும் போன படகுதான் அதில் ஆகச் சின்னது. காலையில் ரேடியோவில், கடலில் பலத்த காற்று வீசும், மீனவர்கள் செல்ல வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார்கள். ஆறு வருசத்துக்கு முன்னால் இதே போல் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பன் வந்துபோன வேகத்தில் கடல் புரண்டு, பூமயிலின் புருசன் தங்கவேலு வீட்டுக்கு வராமலே போய்விட்டான். அதற்காக அவள் அப்பனைக் கோபித்துக்கொண்டதில்லை. அவனுக்கு நாலு பிள்ளைகள், ஆயிரம் வேலை, பார்க்காமல் மிதித்திருப்பான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒரு நாள் விடாமல் விளக்கேற்றிக் கும்பிட்டுத்தான் வந்தாள்.

ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் செல்வராணி சுவரோரம் நின்றுகொண்டு, "அத்தை, அவுக இன்னும் வரலையே. அப்பன் இப்ப இந்த வழியாத்தானே கடல்ல இறங்குவாரு?" என்றாள்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு தாயி. சாமி வர்ற நேரம்."

சாமி வந்தான். முன்வாசல் வேப்பிலை அடித்துக்கொண்டது; நாட்காட்டித் தாள்கள் படபடவென்று டிசம்பர் வரைக்கும் போய்த் திரும்பின; பூமயிலின் முகத்தை ஒரு பெரிய உள்ளங்கை, உப்பு வாடையோடு, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் தடவியது. அது செல்வராணியின் முகத்தைத் தடவி, அவள் வயிற்றையும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் பின்வாசலைப் பார்த்துத் திரும்பியபோது, போயிட்டு வாங்கப்பா என்று சொல்வதற்காகத் திறந்த பூமயிலின் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது.

"வெறும் வயித்தோட போறீகளே அப்பா. மக வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகக் கூடாதா?"

பின்வாசல் படியில் அவன் நின்றான். இத்தனை காலத்தில் யாரும் கேட்காத கேள்வியை ஒரு மகள் கேட்டுவிட்டதில், போகவும் முடியாமல் திரும்பவும் கூச்சப்பட்டு அவன் நின்ற கொஞ்ச நேரத்துக்குள், பூமயில் இலையைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கின சோற்றைக் கொட்டி, மீன் குழம்பை ஊற்றிவிட்டாள். ஊதையப்பன் உட்கார்ந்தான். அவன் சாப்பிட்டது சோற்றின் ஆவியை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இலையில் சோறு பழைய சோறு போல ஆறிப்போனது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பூமயில் எழுந்துபோய்ப் பின்வாசலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு முன்வாசலையும் சாத்தினாள்.

வெளியே தென்னை ஓலைகள் தொங்கிப் போயின. கடல் ஒரு தடவை பெருமூச்சு விட்டதுபோல் ஏறி, இறங்கி, அப்படியே படுத்துக்கொண்டது.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரேடியோவில் சொன்ன காற்று எங்கே போனதென்று தேடி வந்தவர்கள், பூமயில் வீட்டு ஓடுகள் மட்டும் தடதடவென்று ஆடுவதைப் பார்த்தார்கள். படகுக்காரர் வேலுச்சாமியின் பெண்சாதி பஞ்சவர்ணம், புருசனையும் இரண்டு மகன்களையும் ஒரே படகில் கடலுக்கு அனுப்பியிருந்தவள், கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏத்தா பூமயிலு, சாமியவே விருந்தாளியாக்கிப் போட்டியே! உன் மாமியா உசுரோட இருந்தா, அடுப்படியில நிக்க வக்கில்லாதவன்னு உன்னச் சொன்ன நாக்க அறுத்துக்கிட்டிருப்பா."

"பிள்ளைக கரையேறுற வரைக்கும் இருக்கட்டும் மதினி. அப்புறம் அனுப்பிருவோம்."

"இருக்கட்டும், இருக்கட்டும். இந்தா, இந்தச் சந்துல காத்துக் கசியுது பாரு" என்று சொல்லி, பஞ்சவர்ணமே ஒரு கோணிச் சாக்கைக் கிழித்துக் கதவிடுக்கில் அடைத்துவிட்டுப் போனாள்.

முதல் நாலு நாளும் சிப்பிக்குடி அதைத் திருவிழாவாகவே எடுத்துக்கொண்டது. விருந்தாளிக்கு ஒரே வீட்டுச் சோறு அலுத்துப் போகுமென்று தெருவுக்கு ஒரு வேளை முறை வைத்து, கருவாட்டுக் குழம்பும் நண்டு வறுவலும் கேப்பைக் களியும் சுடச்சுட வந்தன. ஆவி போன பதார்த்தங்களை நாய்கள் தின்றன. வெளியே துணி காயாததால் ஊர்ப் பெண்கள் ஈரச் சேலைகளைக் கொண்டுவந்து பூமயில் வீட்டுக் கொடியில் போட்டுப் பத்து எண்ணுவதற்குள் உலர்த்தி எடுத்துப் போனார்கள். வெளியூரில் கட்டிக் கொடுத்த பெண்கள் பஸ் ஏறி வந்து, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, புருசன் அடிப்பதையும் நாத்தனார் பேசுவதையும் அப்பனிடம் சொல்லி அழுதார்கள். அவன் அவர்களுடைய தலைமயிரைக் கோதிக்கொடுத்தான். விசாரிக்க வந்த கிராம அதிகாரி, கையிலிருந்த காகிதமெல்லாம் உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வருது" என்று சட்டையைக் கழற்றிப் போட்டு, துண்டை விரித்துப் படுத்துச் சாயங்காலம் வரைக்கும் தூங்கினார். வெளியே இருந்த வெக்கையில் அவரை ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

வெளியே வெக்கை அப்படி. அடுப்புப் புகை கூரைக்கு மேலே தூண் மாதிரி நின்றது, கலையவில்லை. தெருவின் இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கவில்லை. சத்தம் காலடியிலேயே விழுந்துவிட்டது. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வடக்குத் தெருவில் செத்துப்போன மூக்கையாவைச் சுடுகாட்டில் வைத்துக் கொள்ளி போட்டபோது எழுந்த புகை அங்கேயே நின்று, பிறகு எடை தாங்காமல் கீழே இறங்கி, தெருத் தெருவாகப் படிந்து மூன்று நாள் கிடந்தது. மூக்கையாவின் மகன் அந்த மூன்று நாளும் மூக்கைப் பொத்த மனசில்லாமல் வீட்டுக்குள்ளேயே அழுதுகொண்டிருந்தான்.

படகுகள் வரவில்லை. கடல் அசையாமல் இருப்பதால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பார்கள் என்று ஐந்தாம் நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டார்கள். ஆறாம் நாள், பத்திரமாக இருப்பவர்கள் எந்தக் காற்றைக் கொண்டு கரைக்கு வருவார்கள் என்கிற நினைப்பு ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக வந்து உட்கார்ந்தது. ஏழாம் நாள் இரண்டு கிழவர்கள் துடுப்புப் போட்டுத் தேடிப் போனார்கள். உறைந்த நெய் மாதிரி கிடந்த தண்ணீரில் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வலித்து, கைத்தோல் உரிந்துபோய் நிமிர்ந்து பார்த்தால், கரையில் நின்ற பெண்சாதிகளின் மூக்குத்தி தெரிகிற தூரத்தில்தான் இருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த இன்ஜின் படகும் நாள் முழுக்க ஓடிவிட்டு, கிளம்பின இடத்திலேயே எண்ணெய் தீர்ந்து நின்றது.

மத்தியான நேரங்களில் பூமயில் வீட்டு வாசலில் இன்னொன்று நடந்தது. ஊதையப்பனின் பிள்ளைகள் வந்தார்கள். தெருப்புழுதி எழும்பி, கதவை மோதி, படியில் சுருண்டு விழுந்து, மறுபடி எழும்பி மோதும். நாலு திசையிலிருந்தும் நாலு முனகல் கேட்கும். உள்ளே அப்பன் எழுந்து கதவுவரைக்கும் போவான். பூமயிலைத் திரும்பிப் பார்ப்பான். அவள் ஒன்றும் சொல்லாததால், வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்வான். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, காதைப் பொத்திக்கொண்டு, அவனிடமே வேண்டுவாள். என் பிள்ளை வரட்டும் அப்பா, உன் பிள்ளைகளிடம் அனுப்பிவிடுகிறேன், என் பிள்ளை வரட்டும்.

எட்டாம் நாள் பஞ்சவர்ணம் தலைவிரி கோலமாக வந்தாள்.

"விருந்து வச்சது போதும். அனுப்பி வையி."

"நீங்கதானே மதினி சந்துல சாக்கு அடைச்சீக?"

"அடைச்சேன். இந்தக் கையாலதான் அடைச்சேன். அப்ப என் வீட்டு ஆம்பளைக வந்துருவாகன்னு நினைச்சேன். இப்பச் சொல்றேன், அனுப்பு."

"எட்டு நாள் கட்டிப்போட்ட மாட்டை அவுத்து விட்டா சும்மாவா போகும்? கோவத்துல போவாரு மதினி. நடுக்கடல்ல நம்ம பிள்ளைக கிடக்கு. என் வீட்டுக்காரவுக போனது மாதிரி..."

"உன் புருசன் செத்த பயத்துல என் புருசனையும் அடகு வைக்கிறியாடி?"

மகள் சொல்லாமல் அப்பன் போக மாட்டான் என்பதால், கதவை உடைத்தாலும் பிரயோசனமில்லை என்று பஞ்சவர்ணத்துக்கும் தெரியும். படியில் உட்கார்ந்து மண்ணை வாரி வாரித் தூற்றிப் பார்த்தாள். மண் அவள் தலையிலேயே விழுந்தது.

அதற்குப் பிறகு யாரும் சோறு கொண்டுவரவில்லை. பூமயில் தன் வீட்டுச் சோற்றையே வைத்தாள். அதிலும் பாதி ஆவி அப்படியே மேலே போனதை அவள் பார்த்தாள். உண்ட களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். முதல் நாள் உத்தரத்தைத் தொட்ட கொடிச்சேலை இப்போது முந்தானையை மட்டும் அசைத்தது. அதையும் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் வாசலில் சத்தம் வரவில்லை. பூமயில் கதவிடுக்கில் பார்த்தாள். படிக்குக் கீழே நாலு குவியலாகச் சருகும் புழுதியும் கிடந்தன, அசைவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே அவள் நின்றபோது, பின்னால் செல்வராணி மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, அவுக ரெண்டு குடம் தண்ணிதான் கொண்டு போனாக. நாந்தான் தூக்கி வச்சேன்."

"மத்த படகுலயும் இருக்கும்ல தாயி?"

"எல்லாரும் ரெண்டு நாளைக்குத்தான் கொண்டு போவாக. இன்னைக்குப் பதிமூணு நாளு. நான் சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன். புயல்ல போனா ஒரு நிமிசத்துல போயிரும் அத்தை. இது தினமும் போய்க்கிட்டிருக்கு."

பூமயில் கூடத்துக்கு வந்தாள். இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். அப்பன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேரே கைகூப்பி, "போயிட்டு வாங்கப்பா" என்றாள்.

ஒன்றும் எழவில்லை. அவள் மண்டியிட்டுக் கையை நீட்டிப் பார்த்தாள். காய்ச்சல்காரன் மூச்சு மாதிரிச் சூடாக, விட்டு விட்டு, அவளுடைய புறங்கையில் பட்டது. ஓடுகிறவனைப் பதினொரு நாள் உட்கார வைத்துச் சோறு போட்டால் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. அவன் போக மாட்டேன் என்று இருக்கவில்லை. நடக்க முடியவில்லை.

பூமயில் தெருவில் இறங்கி வீடு வீடாக நடந்தாள். கூப்பிட்டால் கேட்காது, ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று சொல்ல வேண்டியிருந்தது. பஞ்சவர்ணம்தான் முதலில் எழுந்தாள். திட்டவில்லை. வீட்டிலிருந்த பழைய படகுப் பாயை இழுத்துக்கொண்டு வந்து கூடத்தில் விரித்தாள். காற்றை எப்படித் தூக்குவது என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. படுக்கையில் கிடக்கும் தகப்பனைப் பெண்பிள்ளைகள் எப்படிப் புரட்டிப் போடுவார்களோ அப்படிக் கைகளைக் கொடுத்துப் புரட்டி, பாயின் நடுவில் கிடத்தி, நாலு முனையிலும் ஆறு ஆறு பேராகப் பிடித்துத் தூக்கினார்கள். கனத்தது. பாடை போகிற மாதிரி அந்தப் பாய் சிப்பிக்குடித் தெருவில் போனது. வாசலில் கிடந்த நாலு சருகுக் குவியலையும் நாலு பெண்கள் மடியில் வாரிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். ஊர்க் கிழவர்கள் துண்டை இடுப்பில் கட்டி ஒதுங்கி நின்றார்கள்.

அலை இல்லாத கரையில், முழங்கால் தண்ணீரில் பாயை இறக்கினார்கள். அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியிராத ஊதையப்பன், வெறும் சங்கைக் காதில் வைத்தால் கேட்கிற குரலில் பேசினான்.

"மகளே. ஒரு பாய்க்கு மட்டும்தான் மூச்சு இருக்கு. எந்தப் படகைக் கொண்டாரட்டும்?"

எல்லோருக்கும் கேட்டது. அவன் கேட்டது சோறு போட்டவளிடம் என்று அவர்களுக்குத் தெரியும். ஐந்து படகு வீட்டுப் பெண்களும் பூமயிலைப் பார்த்தார்கள். செல்வராணி வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். பஞ்சவர்ணம் மட்டும் தண்ணீரைப் பார்த்தாள், எல்லாம் முடிந்தது என்கிற மாதிரி.

பூமயிலின் உதட்டில் மகனுடைய பெயர் வந்து நின்றது. அவனைப் பெற்ற நாள், அவனுக்கு அம்மை போட்டிருந்த நாள், அவன் அப்பன் வராத நாளில் மடியில் படுத்துக்கொண்டு அழாதம்மா, நான் இருக்கேன்ல என்று அவன் சொன்னது, எல்லாம் வந்து நின்றன. பதினொரு நாளும் அந்த ஒரு பெயருக்காகத்தான் ஊர் முழுக்கக் காற்றில்லாமல் கிடந்தது. அவள் பாயின் மேல் குனிந்தாள்.

"எதுல ஆளு கூடுதலோ அதக் கொண்டாங்கப்பா" என்றாள். "போயிட்டு வாங்க."

செல்வராணி ஒரு சத்தம் போட்டாள். அது அவள் காலடியிலேயே விழுந்தது.

பாய் லேசானது. தண்ணீரில் ஒரு சின்ன நடுக்கம் கிழக்கே நகர்ந்து போனது, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறவன் மாதிரி, நின்று நின்று.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பாய் தெரிந்தது. பஞ்சவர்ணத்தின் புருசன் வேலுச்சாமியின் பெரிய படகு. மற்றப் படகுகளைக் கடலிலேயே விட்டுவிட்டு எல்லோரும் அதில்தான் ஏறியிருந்தார்கள். உதடு வெடித்து, நாக்கு வீங்கி, கண் உள்ளே போய், பத்துப் பேர். கரையில் நின்றவர்கள் முகங்களை எண்ணினார்கள். இரண்டு வீட்டுப் பெண்கள் எண்ணி முடிக்கிறதற்குள்ளேயே விழுந்து புரண்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் செத்துப்போய், ஒன்பதாம் நாள் கடலில் இறக்கிவிட்டதாக வேலுச்சாமி கையால்தான் காட்டினார். ஒருத்தரும் பூமயிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

ஒரு சிரட்டைத் தண்ணீர் உள்ளே போன பிறகு வேலுச்சாமிக்குப் பேச்சு வந்தது.

"சடையாண்டி அண்ணனைத் தூக்கித் தாண்ட வைக்க முடியல தங்கச்சி. இடுப்பு விழுந்துபோச்சு. சேதுராசு, அவரைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன்னு அந்தப் படகுலயே இருந்துக்கிட்டான். சொட்டுச் சொட்டாக் குடிச்சு மிச்சம் வச்ச தண்ணியில மூணு நாளைக்கு ரெண்டு பேருக்குக் காணுற மாதிரி வச்சிட்டுத்தான் வந்தோம். நேத்து வரைக்கும் பக்கத்துலதான் கிடந்தான். காத்து எங்க பாயை மட்டும்தான் புடிச்சுச்சு; அவன் படகைக் கட்டி இழுத்தா எங்க படகே நகரல."

செல்வராணி கேட்டாள். "எதுவும் சொன்னாகளா, மாமா?"

வேலுச்சாமி சிரட்டையைக் கீழே வைத்தார். "எங்களுக்கெல்லாம் தைரியம் சொன்னதே அவன்தான். எங்கம்மா வீட்டுல உக்காந்து அப்பனக் கும்பிட்டுக்கிட்டே இருக்கும், எப்படியும் காத்த அனுப்பிரும்னு சொன்னான். தினமும் சொன்னான்."

பூமயில் எழுந்தாள். யாரும் பிடிக்கவில்லை. அவள் கடலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள். அப்பனைத் தேடினாள். எங்கோ அடிவானத்தில் களைத்துக் கிடந்தான் போலும். தண்ணீர் மறுபடியும் நெய்யாகக் கிடந்தது. பின்னால் செல்வராணி வந்து நின்றது அவளுக்குத் தெரிந்தது; தொடவில்லை, போகவும் இல்லை.

"மூணு நாளுன்னு சொன்னாக அத்தை" என்றாள் செல்வராணி. "இன்னும் ரெண்டு இருக்கு. கேளுங்க. இப்பவாவது நம்ம ஆளுக்காகக் கேளுங்க."

பூமயில் வாயைத் திறந்தாள். வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாயில் ஒரு வார்த்தையும் வரவில்லை. மூச்சுதான் வந்தது. அது கிழக்கே ஒரு முழம் போய், தண்ணீரில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்கம் விழ வைத்து, நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். நெஞ்சு கொள்கிற மட்டும் இழுத்து, மறுபடி ஊதினாள்.